இரண்டு சுற்றுப் பொறுமை

மோட்டார் வண்டியின் டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் வந்தபோது, நானும் மகனும் வீட்டிலேயே அதனைச் செய்தோம். முன்பு சங்கிலி செய்த வேலையை, 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 வண்டியில் இப் பல்வைத்த றப்பர்ப் பட்டி ஏற்றது. கிராங்க் தண்டு இருமுறை சுழல, கேம் தண்டு ஒருமுறை சுழலவேண்டும். அவ்வொழுங்கைக் காப்பது இதுவே. ஒழுங்கு பெரிதும் பிசகினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும்.

புதிய பட்டியைப் பூட்டியதும் மகன் திறப்பை எடுத்தான். "பொறு தம்பி" என்று தடுத்து, கிராங்க் தண்டை ஸ்பனரால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றச் செய்தேன். குறிகள் மீண்டும் நேராக வந்து நின்றன. தடையிருந்தால் கை உணர்ந்து நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அவ்வுணர்வு ஏது? விடைத்தாளைக் கொடுக்குமுன் ஒருமுறை வாசியுங்கள் என்று நான் வகுப்பிற் சொல்வதன் பொருளை, அவன் அன்று கையாலேயே கற்றான்.