பாதை

எங்கள் பகுதியில் 'பாதை' என்று சொன்னால் வெளியூர்க்காரர் வீதியைத்தான் நினைப்பார். நாங்கள் சொல்வது ஆற்றையும் களப்பையும் கடக்க, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் இரும்புத் தெப்பத்தை. வீதி முடிகிற இடத்தில் அது தொடங்குவதாலோ என்னவோ அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 நெடுஞ்சாலை வரைபடத்தில் ஒரே கோடு. என் இளமைக் காலத்தில் அது துண்டு துண்டாகக் கிடந்தது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, அப்பால் வெருகல் என்று துறைக்குத் துறை நிற்க வேண்டும். மகாவலி கிளை கிளையாகப் பிரிந்து கடலில் விழும் பூமி இது. தண்ணீருக்குக் குறைவில்லை, பாலத்துக்குத்தான் பஞ்சம்.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து விடுமுறைக்கு வரும்போது கிண்ணியாத் துறையடியில்தான் பயணம் மறிபடும். லொறிகள் நீளத்துக்கு நிற்கும். மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடியும். "பாதை அக்கரையில நிக்குது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் பிளேன்டீக் கடைக்குப் போவார்கள். போதாக்குறைக்குச் சோதனைச் சாவடி. பொதிகளை இறக்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற்ற வேண்டும்.

இருட்டிய பின் பாதை ஓடாத காலத்தில் ஒருநாள் என் ராத்தாவுக்குப் பிரசவ வலி கண்டது. திருகோணமலைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வாப்பா சாவடியில் மன்றாடி அனுமதி வாங்கி, தோணிக்காரர் ஒருவரை எழுப்பிக் கொண்டு வந்தார். "மகன், டோர்ச்சக் கீழ பிடி. மேல அடிச்சிராத" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அல்லாஹ்வின் கிருபையால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

2009 ஒக்டோபர் 20இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டிய 396 மீற்றர் பாலம். நாங்கள் முதல்நாள் நடந்தே கடந்தோம். அடுத்து வந்த சில ஆண்டுகளில் மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அன்று தோணியில் போய்ப் பிறந்த மருமகன் இன்று வேன் ஓட்டுகிறான். வீதியில் மாடு மறித்தாலும், திருத்த வேலைக்கு ஒரு பக்கம் அடைத்திருந்தாலும் ஹோணில் கை வைத்துவிடுவான். "என்னத்துக்கு மாமா இப்பிடி மறிச்சி நிக்கானுகள்?" என்பான். அவனை நான் குறை சொல்வதில்லை. ஓடுவதற்குத்தானே வீதி போட்டார்கள்.

ஆனால் எல்லோருக்கும் பாலம் வந்துவிடவில்லை. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் சனங்கள் இழுவைப் பாதையில் போய் வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பலியானவர்களில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். வெள்ளை உடுப்போடு போன பிள்ளைகள்.

அன்று முதல் வகுப்பில் இடாப்பு வாசிக்கும்போது, பதில் வராத ஒவ்வொரு பெயரிலும் என் குரல் சற்றுத் தடுக்கிறது. காலை மணிக்கு முன் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். எந்த வழியால், எதில் ஏறி வருகிறது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. மழைக்காலத்தில் பிந்தி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். சிலர் முகம் சுளித்தாலும் அதிபர் ஏற்றுக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் பத்து நிமிடத் தாமதத்துக்கு நூறு வாகனம் ஹோண் அடிக்கிறது. கோப்புக்குள் ஒரு பாலம் வருடக் கணக்கில் பிந்தும்போது ஒரு சத்தமும் கேட்பதில்லை. அந்தத் தாமதத்தில் நிற்பவர்களிடம் ஹோண் இல்லை, புத்தகப் பைதான் இருக்கிறது. அவர்களுக்காக நாம்தான் சத்தம் போட வேண்டியிருக்கிறது.