காம்யு எழுதாத ஊர்

காம்யுவின் 'கொள்ளை நோய்' பற்றி நண்பர்களுடன் பேசும்போதெல்லாம் நான் பாதிரியார் பனலூவிடம் வந்து நின்றுவிடுவேன். முதல் பிரசங்கத்தில் அவருக்கு நோய் ஒரு தண்டனை. மக்களை 'நீங்கள்' என்கிறார். ஒரு சிறுவன் துடித்துச் சாவதைப் பார்த்த பிறகு, இரண்டாவதில், 'நாம்' என்கிறார். பெரிய கலைஞனின் காரியம் இது. பனலூ தொண்டர் படையில் சேர்ந்து உழைக்கவும் செய்கிறார். இருந்தும் மனதில் தங்குவது அவர் பேச்சுதான். செயலை டாக்டர் ரியூவுக்கும் தாரூவுக்கும் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்கிற வேலையை விசுவாசிக்கு ஒதுக்கிவிட்டார் காம்யு. கிறிஸ்தவனாகப் பிறந்து, கோயிலுக்குப் போவதும் நிற்பதுமாக இருக்கும் எனக்கு இது நெடுநாள் உறுத்தல்.

உறுத்தலுக்கு ஸ்தூலமான காரணம் உண்டு. நாவலை எழுதிக்கொண்டிருந்த 1942-43இல் காம்யு தங்கியிருந்தது பிரான்சின் மலைப்பிரதேசம் ஒன்றில், லெ பனெலியே என்ற இடத்தில். காசநோய்க்காக வந்தவர்; 1942 நவம்பரில் ஜெர்மானியர் தென் பகுதிக்குள்ளும் நுழைந்துவிட, அல்ஜீரியா திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். பனலூ என்ற பெயரிலேயே அந்த இடத்தின் எதிரொலி கேட்கிறது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் லெ ஷம்போன் என்ற சிற்றூர். அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் ஆயிரக்கணக்கான யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் குடியானவர்கள். 1685இல் பதினான்காம் லூயி முன்னோர்களின் வழிபாட்டுரிமையைப் பறித்ததும், அவர்கள் மறைந்து கூடி ஜெபித்ததும் இவர்களுக்கு வீட்டுக் கதை. குரு அந்த்ரே த்ரோக்மே 1942 கோடையில் யூதர்களின் பட்டியல் தர மறுத்தார். 1943இல் சக குரு எதுவார் தெய்ஸுடன் கைதாகிச் சில வாரம் முகாமில் இருந்தார். உறவினர் தானியேல் த்ரோக்மே தன் மாணவர்களோடு பிடிபட்டு 1944இல் மைதானெக்கில் இறந்தார்.

ஆனால் பிலிப் ஹாலி 1979இல் எழுதிய புத்தகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது குருவின் மனைவி மாக்தாதான். பனிக்காலத்தில் கதவைத் தட்டிய ஒரு ஜெர்மன் யூதப் பெண்ணை உள்ளே கூப்பிடுகிறாள். நனைந்த காலணிகளை அடுப்பருகே காயவைக்கிறாள். அடையாளத் தாள் கேட்டு ஊர்த்தலைவரிடம் போனால், அவளை அனுப்பிவிடு என்கிறார். அதற்குள் காலணிகள் கருகிவிடுகின்றன. யுத்த காலத்தில் இன்னொரு ஜோடிக்கு எங்கே போவது? அதையும் தேடி அலைகிறாள். மாக்தாவுக்குத் தத்துவ விசாரம் கிடையாது. பக்திப் பேச்சும் குறைவு. ஒரு பெரும் சரித்திர நெருக்கடி அந்தச் சமையலறையில் ஒரு ஜோடிக் காலணியாகச் சுருங்கிவிடுகிறது.

1990களில் எங்கள் பக்கம் சாதிக் கலவரம் மூண்டபோது, ஞாயிறன்று பிரசங்கம் யோபுவைப் பற்றி இருந்தது. குறை சொல்ல முடியாத பிரசங்கம். அதே வாரம், கோயில் பெருக்குகிற கிழவி வேற்றுச் சாதிப் பையன்கள் இரண்டு பேரை மூன்று நாள் தன் வீட்டில் வைத்திருந்தாள். சபையார் விசாரித்தார்கள். "பசிக்குன்னு வந்து நின்னுச்சுவ, பெறவு என்ன செய்ய?" என்றாள். அவளுக்கு யோபு தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

இதை வைத்து எளிய ஜனங்களின் நன்மை என்று உருகுவதும் அபத்தம். லெ ஷம்போனில் எதுவும் எளிதாக இல்லை. போலி அடையாள அட்டை இல்லாமல் ஒருவரையும் காப்பாற்ற முடியாது. பொய் சொல்லாதே என்று வேதத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டை ஒவ்வொன்றும் ஒரு பொய். கொலைக்குத் துணைபோகாமல் இருக்க இன்னொரு கட்டளையை மீற வேண்டும். மதிப்புகள் ஒன்றோடொன்று மோதுகிற இந்த இடம் ஒரு நாவலாசிரியனுக்கு எவ்வளவு பெரிய இடம்! தலைமறைவாக இருந்த த்ரோக்மேயே வேறு பெயரில் அட்டை வைத்திருந்தார். லியோன் ரயில் நிலையத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு நின்ற நிமிடங்களில், அது என் பெயர்தான் என்று சொல்லத் தன்னால் ஆகாது என்று முடிவு செய்கிறார். கேள்வி வருவதற்குள் கூட்டத்தோடு கலந்து நழுவிவிட்டார்.