கொடுக்காத வாக்கு

ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பின்போது, எரியும் மெழுகுதிரியைக் கையில் ஏந்தித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறேன். பாஸ்காக் காலம் முடியுமுன்னரே அவற்றை மீறிவிடுகிறேன். அவ்வேளைகளில் ஸ்காட்லாந்தின் விடுதலை வீரர் வில்லியம் வாலஸ் என் நினைவுக்கு வருகிறார்.

1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தைக் கைப்பற்றினார். பிரபுக்களும் ஆயர்களும் நிலக்கிழார்களும் நூற்றுக்கணக்கில் அவருக்குப் பணிந்து சத்தியம் செய்தனர். அப்பட்டியலில் இவ்வீரரின் பெயர் இல்லை.

மறு ஆண்டு செப்டம்பர் 11 அன்று, ஆண்ட்ரூ மரேயுடன் சேர்ந்து ஸ்டர்லிங் பாலத்தருகே அவர் காத்திருந்தார். குறுகிய அப்பாலத்தை ஆங்கிலப் படையின் ஒரு பகுதி கடந்ததும் பாய்ந்து தாக்கி வென்றார். ஆனால் 1298 ஜூலை 22 அன்று ஃபால்கர்க் களத்தில் தோற்றார். 1304-இல் பிரபுக்கள் மீண்டும் பணிந்தனர். வாலஸ் பணியவில்லை.

அவர் புனிதர் அல்லர். வட இங்கிலாந்தில் அவருடைய படை கொள்ளையடித்தது. ஹெக்சம் துறவு மடத்தில் அவர் கேட்டுக்கொண்டதால் நிகழ்ந்த திருப்பலியின்போதே, அவருடைய ஆட்கள் திருக்கிண்ணத்தைத் திருடிச் சென்றதாக அக்காலத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

1305 ஆகஸ்டில் அவர் பிடிபட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தலையில் இலைமுடி சூட்டி, அரசத் துரோகி என்று குற்றஞ்சாட்டினர். எட்வர்டுக்குத் தாம் ஒருபோதும் சத்தியம் செய்ததில்லை என்றும், எனவே துரோகம் இழைக்கவில்லை என்றும் அவர் மறுத்தார். அன்றே, ஆகஸ்ட் 23 அன்று, குதிரையில் கட்டி ஸ்மித்ஃபீல்டுக்கு இழுத்துச் சென்று கொடூரமாகக் கொன்றனர்.

ஆனால் ஸ்காட்லாந்தின் விடுதலைப் போரை வெற்றிக்கு இட்டுச் சென்றவர் யார்? ராபர்ட் புரூஸ். எட்வர்டுக்குச் சத்தியம் செய்து, மீறி, மீண்டும் பணிந்தவர். அவரே 1306-இல் முடிசூடி, 1314-இல் பானக்பர்ன் களத்தில் வென்றார்.

இதை எண்ணும்போது முதலில் மனம் கசந்தது. பின்னர் ஆறுதல் பிறந்தது. வாலஸின் அருகில் நிற்க என்னால் இயலாது. அவர் கொடுக்காத வாக்கைக் காத்தவர். நானோ கொடுத்த வாக்கைக் காவாதவன். என் இடம் புரூசின் வரிசையில்தான். ஆண்டவரை மும்முறை மறுதலித்த பேதுருவும் அவ்வரிசையில்தான் நிற்கிறார். மீறியவன் திரும்பி வரலாம் என்பதற்கு, மீறுவது குற்றமில்லை என்று பொருளன்று. பேதுரு மனங்கசந்து அழுத பின்னரே திரும்பி வந்தார்.

வரும் பாஸ்காவிலும் மெழுகுதிரியை ஏந்தி நிற்பேன், சற்றே தலைகுனிந்து.