சேர்வராயன் மலையில் ஒரு ஸென்ட் பரீட்சை

மலைக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு ஸென்ட் புட்டி எடுத்துக்கொண்டு போனேன்! கடல் கடந்து குடித்தனம் செய்யும் என் பெண் அனுப்பியது. திறந்ததுமே தீபாவளிக்கு முந்தின நாள் சமையலறை மாதிரி ஒரே சர்க்கரைப் பாகு வாசனை. "பூ மணக்கலாம், மனுஷி பட்சணக் கடைபோல் மணக்கலாமோ?" என்று அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் டெலிபோனில் அவள், "பூசிக்கொண்டாயா அம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொல்ல நா எழவில்லை.

சேலத்தில் பஸ் ஏறுமுன் மணிக்கட்டில் இரண்டு சொட்டு வைத்துக்கொண்டேன். வெயிலில் அது குப்பென்று கிளம்பியது. பக்கத்து ஆசனத்து அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்!

மேல்நாட்டில் இந்தத் தின்பண்ட வாசனைக்குத் தனி மவுசு. 1925-ல் வந்த கெர்லான் கம்பெனியின் 'ஷாலிமார்' வெனிலாவுக்குப் பெயர் பெற்றது. 1992-ல் வந்த 'ஏஞ்சல்', பஞ்சுமிட்டாய் வாசனையோடு பாச்சூலி இலையின் மணத்தைக் கலந்தது. 'பச்சை இலை' என்ற நம் தமிழ்தான் பாச்சூலி ஆயிற்று என்பார்கள்.

பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டை அடைந்தது. வழியெல்லாம் காப்பித் தோட்டங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. காப்பிப் பூ மல்லிகைபோல் மணக்கும். ஆனால் பச்சைக் கொட்டையை முகர்ந்து பாருங்கள். நம் காலை டிகாக்ஷனின் மணம் துளிக்கூட இராது. வறுத்தால்தான் வரும். வெனிலாக் காயும் அப்படியே. அது ஆர்க்கிட் ஜாதிக் கொடியில் காய்ப்பது. பறித்துப் பக்குவப்படுத்திய பிறகே மணக்கும்.

ஸென்டுக்கும் பக்குவம் உண்டு. அதற்கு அடுப்பு, நம் உடம்பின் சூடுதான். ஆரஞ்சு போன்ற லேசான வாசனைகள் முதலில் பறந்துவிடும். வெனிலா போன்றவை மணிக்கணக்கில் தங்கும். வெயிலில் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். குளிரில் நிதானமாக அவிழும்.

சேர்வராயன் கோயில் 5,300 அடிக்கும் மேலே, மலை உச்சியில் இருக்கிறது. கோபுரம் இல்லை; குகைதான் கோயில். குனிந்து உள்ளே போனால் சேர்வராயனும் காவேரியம்மனும் தரிசனம் தருகிறார்கள். மே மாதத் திருவிழாவில் மலைவாழ் மக்கள் திரளாகக் கூடுவார்கள். நான் போன அன்று கூட்டமில்லை. கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது மணிக்கட்டு மூக்கருகே வந்தது. திடுக்கிட்டேன்.

பாகு வாசனை போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது, திரட்டுப்பால் கிளறிய வாணலியின் அடி வாசனை! அந்த அடியைச் சுரண்டித் தின்னத்தான் என் பெண் சின்ன வயதில் என்னோடு சண்டை போடுவாள். ஏன் இந்தப் புட்டியைத் தேர்ந்தெடுத்தாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஆகையால் சகோதரிகளே, கடையில் காகிதத் துண்டை முகர்ந்து முடிவு கட்டாதீர்கள். கையில் ஒரு சொட்டு வைத்து, அரை மணியாவது பொறுத்திருங்கள். வெயில் நாளில் ஒரு சொட்டே தாராளம்.

மலையிறங்கியதும் டெலிபோன் செய்தேன். "பூசிக்கொண்டேன்டி" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.