“நாலு லைட்டும் மின்னுச்சுண்ணே... நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கனு எனக்கு எப்படித் தெரியும்?”

அதிகாலை 3 மணிக்கு அந்த வீட்டில் முதலில் எரிவது அடுப்பு இல்லை, நெற்றியில் கட்டும் டார்ச் லைட். மதுரை மாவட்டம் திருமங்கலத்தை ஒட்டிய கிராமம் அது. ஒரு ஏக்கருக்கும் குறைவான மல்லிகைத் தோட்டத்தில் கணவனும் மனைவியும் செடிக்குச் செடி குனிந்து மொட்டெடுப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிதான். ஆனால், மொட்டு மலர்வதற்குள் மார்க்கெட் போய்ச் சேரவில்லை என்றால் எந்தக் குறியீடும் விலையைக் காப்பாற்றாது. வெயில் ஏற ஏற விலை இறங்கும்.

மூட்டையை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குக் கிளம்புவார் அவர். ரிங் ரோடு வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வண்டி, 2009-ல் வாங்கிய 100 சிசி பைக். ஹெட்லைட்டில் 35 வாட் ஹாலஜன் பல்பு. வேகத்தடையில் வண்டி மெதுவானால் வெளிச்சமும் கூடவே மங்கிவிடும். போன ஐப்பசி மழையில் தண்ணீர் நின்ற பள்ளம் தெரியாமல் விழுந்து, முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வீடு திரும்பினார்.

“என்னங்க, அந்த லைட்ட மாத்தித் தொலைங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வயித்துல புளியக் கரைக்குது” என்றார் மனைவி.

அந்த வாரமே மாற்றினார். ஹெட்லைட்டுக்கு ஒன்று, இண்டிகேட்டருக்கு நான்கு, பின்னால் ஒன்று. ஆறும் எல்.இ.டி. கடைக்காரர், “பழைய பல்பைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க, அவ்வளவுதான்” என்று சொல்லியிருந்தார். காலேஜ் படிக்கும் மகள் செல்போனில் வீடியோ ஓட்டிக் காட்ட, ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே மாட்டிவிட்டார். அன்று இரவு தெருக்கோடி வரை பால் ஊற்றியதுபோல வெளிச்சம். குடும்பமே வாசலில் நின்று பார்த்தது.

மறுநாளே சின்னச் சின்னக் குறைகள் தெரிய ஆரம்பித்தன. வண்டி நின்றுகொண்டு ஓடும்போது ஹெட்லைட் படபடவென்று துடித்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சரியானது. இண்டிகேட்டர் போட்டால் வழக்கத்தைவிட விறுவிறுவென்று மினுக்கியது. மீட்டரில் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் பல்பு எரியவே இல்லை. ‘எரியுறது எரியுதுல்ல’ என்று அவர் விட்டுவிட்டார். பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறோம்.

நான்காம் நாள், டீக்கடையில் பெரியப்பா முறை ஆகும் ஒருவர் பிடித்துக்கொண்டார். விடிகாலையில் தோட்டத்துக்கு சைக்கிளில் போகிறவர். “எலேய், நேத்து எதுக்க வந்தது நீதானா? கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சுடா. சைக்கிளோட முள்ளுக்குள்ள இறங்கிட்டேன். டிம் பண்ண மாட்டியா?” டிம் செய்துகொண்டுதான் வந்தேன் என்று இவர் சொன்னதை அவர் நம்பவில்லை.

ஆறாம் நாள் அது நடந்தது. வழியில் மச்சான் தோட்டத்துப் பூவையும் ஏற்றிக்கொள்வது இவர் வழக்கம். அதற்காக ரோட்டிலிருந்து வலதுபக்கம் மண்பாதையில் திரும்ப வேண்டும். அன்றும் வலது இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, வண்டியைத் திருப்பினார். பின்னால் வந்த பால் வேன் அதே நேரம் வலதுபக்கமாக ஏறி முந்தியது. வேனின் பக்கவாட்டுக் கொக்கி பூ மூட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு முழம் தள்ளிப் பட்டிருந்தால் மூட்டைக்குப் பதில் அவருடைய கால். பதினைந்து கிலோ மல்லிகை ரோட்டில் கொட்டிக் கிடந்தது. மறுநாள் முகூர்த்த நாள் வேறு.

வேன் ஓட்டிய பையன் ஓடிவிடவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கை நடுங்க இறங்கி வந்தான். “அண்ணே, நாலு லைட்டும் மின்னுச்சுண்ணே... ஏதோ பிரச்னைனு ஓரமா நிக்கப் போறீங்கனு நெனச்சேன். நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கனு எனக்கு எப்படித் தெரியும்?”

திட்டுவதற்கு வாயெடுத்தவர் சாவியைத் திருப்பி, மறுபடி வலது இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தார். நான்கும் மின்னின.

அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. திருமங்கலத்தில் இருபது வருடங்களாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவரிடம் வண்டியை உருட்டிக்கொண்டு போய் நின்றார். அவர் பல்பைத் தொடவே இல்லை. முதலில் மீட்டரைக் கழற்றினார். “உங்க மீட்டர்ல இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு பல்புதாண்ணே. அதோட ஒரு கால் இடதுபக்க ஒயர்ல, இன்னொரு கால் வலதுபக்க ஒயர்ல. நீங்க வலது போட்டா கரண்டு இது வழியா இடதுபக்க பல்புக்குப் போய்த்தான் எர்த் ஆகும்.”

பழைய பல்பில் ஏன் இந்தப் பிரச்னை வரவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய இண்டிகேட்டர் பல்பு 10 வாட். மீட்டர் பல்பு வழியாகக் கசிந்து வரும் துளிக் கரண்டு, அதன் இழையைச் சூடாக்கக்கூடப் போதாது. எல்.இ.டி-க்கு அந்தத் துளியே தாராளம். “பழைய பல்பு குண்டான் சோறு திங்கிற ஆளு. இது சின்னப் புள்ள, ஒரு வாய் ஊட்டினாப் போதும், எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிரும்” என்றார் எலக்ட்ரீஷியன்.

விறுவிறு மினுக்கலுக்கும் காரணம் அந்தக் குறைந்த பசிதான். ஃப்ளாஷர் ரிலே, பல்பு எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்பதை வைத்து வேலை செய்கிறது. இழுப்பு குறைந்தால் ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வேகமாக மினுக்கும். ஓட்டுபவருக்கு அது எச்சரிக்கை. இன்னும் பழைய ரிலேக்களில் மினுக்காமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்பதும் உண்டு. சிலர் ரெசிஸ்டரை இணைத்து பழைய பல்பு போலக் கரண்டை இழுக்க வைப்பார்கள். ஆனால், அது கொதிக்கக் கொதிக்கச் சுடும். பக்கத்தில் பிளாஸ்டிக்கோ ஒயரோ இருந்தால் உருகும். லோடைப் பார்க்காமல் சீராக மினுக்கும் எலக்ட்ரானிக் ரிலே ஒன்றை மாட்டினார் எலக்ட்ரீஷியன். மீட்டர் பல்பின் ஒரு காலைப் பிரித்து எர்த்தில் கொடுத்தார். இன்னொரு காலுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு டயோடு. கரண்டு மீட்டர் பல்புக்கு வரலாம், அந்தப் பக்கம் தாண்டிப் போக முடியாது. ஒரு டயோடின் விலை ஒன்றிரண்டு ரூபாய். கொட்டிப்போன பூவின் விலையை அவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

பின் விளக்கில் இன்னொரு ஆபத்து இருந்தது. பழைய பல்பில் இரண்டு இழை. சாதாரணமாக எரிவது 5 வாட், பிரேக் பிடித்தால் 21 வாட். பின்னால் வருபவருக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இவர் வாங்கிய மலிவு எல்.இ.டி-யில் இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, “பின்னாடி போய்ப் பாருங்க” என்றார் எலக்ட்ரீஷியன். பார்த்தவர் எதுவும் பேசவில்லை. அந்தப் பல்பு குப்பைக்குப் போனது.

ஹெட்லைட் துடித்ததற்கு விளக்கம் எளிது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து கரண்டு வருவதில்லை. இன்ஜின் சுற்றும்போது காயிலில் உண்டாகும் ஏ.சி கரண்டு நேராக வருகிறது. இழை சூடாகவே இருப்பதால் கரண்டு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி உடனுக்குடன் அணைந்து எரிவதால் துடிப்பு தெரியும். “பேட்டரிக்கு மாத்திக் கொடுக்கலாம். ஆனா, உங்க பேட்டரி தாங்குமானு பார்க்கணும். அதவிட பெரிய பிரச்னை ஒண்ணு இருக்குண்ணே” என்றவர், வண்டியைக் கடைச்சுவருக்கு எதிரே நிறுத்தி டிம் அடித்தார். வெளிச்சம் சுவர் முழுக்க, ஓடு வரைக்கும் சிதறியது. பிறகு பழைய ஹாலஜனை மாட்டினார். மேல்பக்கம் வெட்டினாற்போல ஒரு கோடு விழுந்தது.

ஹாலஜனில் இழை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ, அதற்கென்றே வளைத்துச் செய்யப்பட்ட கண்ணாடி அது. வேறு இடத்தில் வெளிச்சம் பிறந்தால் எங்கே அனுப்புவதென்று அதற்குத் தெரியாது. பெரியப்பா முள்ளுக்குள் இறங்கியது அதனால்தான். கம்பெனியிலேயே எல்.இ.டி-யோடு வரும் வண்டிகளில் டூமே வேறு மாதிரி இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

“அப்ப எனக்கு வெளிச்சத்துக்கு என்னதான் வழி?” என்று கேட்டார்.

எலக்ட்ரீஷியன் டூமைத் திறந்து காட்டினார். உள்ளே பதினைந்து வருடத் தூசி, ஒரு மூலையில் துரு. ஹோல்டரில் எர்த் ஒயர் கருகியிருந்தது. புது டூம், புது ஹோல்டர், அதே 35 வாட் ஹாலஜன். ஆன செலவு, கொட்டிய பூவின் விலையைவிடக் குறைவு.

“ஒண்ணு மறந்துட்டேன், பூ ஏத்தினா எத்தன கிலோ?”

“ரெண்டு மூட்டைண்ணே. முப்பது, முப்பத்தஞ்சு வரும்.”

பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். அதனால் பாரத்தோடு வைத்துத்தான் டூமின் சாய்வைத் திருக வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்தார் எலக்ட்ரீஷியன். மூட்டைக்கு மணல் தேடியபோது, “எதுக்கு மணலு?” என்று மகள் ஏறி உட்கார்ந்தாள். “நீ முப்பத்தஞ்சு கிலோவா?” என்று அம்மா சிரித்தார். கடைசியில் பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எதிர்வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்குக் கீழே வெளிச்சம் நிற்கும்வரை ஸ்க்ரூவைத் திருகினார்.

மறுநாள் அதிகாலை மூட்டையைக் கட்டிக்கொடுத்துவிட்டு மனைவி வாசலில் நின்றார். தெருமுனையில் இடதுபக்கம் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு நிதானமாக மின்னி, வண்டி திரும்பியது.