டேக் இல்லாத பிரேம் எங்கே போகும்?

நண்பர்களே, நம்ம லேப் கம்ப்யூட்டர்களும் ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்சில்தான் வந்து சேருதுன்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆபீஸ் கம்ப்யூட்டரில் நம்ம மார்க், அப்பா அம்மா போன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் இருக்கு. லேபில் உட்கார்ந்து ஒருத்தன் தேடினா அது கிடைச்சிடுமா? அரையாண்டு லீவில் இந்தச் சந்தேகம் வந்து, பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்க அக்காவிடம் கேட்டேன். "வி-லேன் போட்டுப் பிரிச்சிருப்பாங்கடா. ஆனா நேட்டிவ் என்ன நம்பர்னு பார்க்கணும்" என்றாள். இந்த நேட்டிவைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு நாள் ஆச்சு.

வி-லேன் சுலபம். ஒரே சுவிட்சை நம்பர் கொடுத்துப் பல சுவிட்ச் மாதிரி பிரிப்பது. ஆபீஸுக்கு 10, லேபுக்கு 20 என்று வைப்போம். 10-இல் இருப்பது 20-க்குப் போகணும்னா ரவுட்டர் வழியாகத்தான் போகணும். ரவுட்டருக்கு ஒரே ஒயர்தான் போகிறது என்றால்? அந்த ஒரே போர்ட்டுக்குள்ளேயே புள்ளி 10, புள்ளி 20 என்று சப்-இன்டர்ஃபேஸ்கள் உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி. கொடுக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெறும் பெயர்தான். எந்த வி-லேன் என்பதை 'என்கேப்சுலேஷன் டாட்1க்யூ' என்று தொடங்கும் வரிதான் முடிவு செய்யும்.

ஒரே ஒயரில் எல்லாம் கலந்து வரும்போது அடையாளம் வேண்டாமா? அதுக்குத்தான் டேக். 1998-இல் வந்த 802.1க்யூ விதிப்படி ஒவ்வொரு பிரேமிலும் 4 பைட் டேக் சேரும். அதில் வி-லேன் நம்பருக்கு 12 பிட். 0-வும் 4095-உம் ஒதுக்கப்பட்டவை, 1 முதல் 4094 வரை நாம வச்சுக்கலாம்.

நேட்டிவ் வி-லேன் மட்டும் டேக் ஒட்டாமல் போகும். டேக் என்றால் என்னன்னே தெரியாத பழைய கருவிகளோடும் ஒத்துப்போக இந்த ஏற்பாடு. போர்டு இல்லாத பஸ் மாதிரி. கிளம்புற ஸ்டாண்டிலும் போய்ச் சேருற ஸ்டாண்டிலும் "போர்டு இல்லேன்னா அது இந்த ஊர் பஸ்"னு ஒரே மாதிரி நினைச்சாத்தான் சரி.

வேறு வேறாக நினைச்சா? அக்கா நோட்டில் படம் போட்டாள். சுவிட்ச் பக்கம் நேட்டிவ் 10, ரவுட்டர் பக்கம் நேட்டிவ் 20. காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் அது "எனக்கு ஒரு ஐ.பி. கொடு" என்று கேட்கும். சுவிட்ச் அதை டேக் இல்லாமல் அனுப்பும். ரவுட்டரோ, டேக் இல்லேன்னா இது 20 என்று எடுத்துக்கிட்டு லேப் ஐ.பி.யைக் கொடுக்கும். பதிலும் டேக் இல்லாமலே திரும்பி, ஆபீஸுக்கே சரியாகப் போய்ச் சேரும்! ஆபீஸில் நெட் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் புள்ளி 10-க்கு எழுதி வைத்த காவல் விதி ஒன்றுகூட அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது. லேபுக்குப் போகவேண்டிய பதில்களும் ஆபீஸ் பக்கமே போய்விடும். கடைசியில் "லேபில் நெட் வரலை சார்"னு நாமதான் புகார் சொல்வோம், லேப் ஒயரைக் கழற்றி மாட்டிக்கிட்டு இருப்போம். கோளாறு இருக்கிற இடம் வேற, தெரியிற இடம் வேற. எனக்கு இதுதான் ரொம்பப் பயமா இருந்தது.

இன்னொரு தந்திரமும் உண்டு. கெட்ட எண்ணம் உள்ள ஒருத்தன் பிரேமில் இரண்டு டேக் ஒட்டி அனுப்பலாம். வெளி டேக்கில் நேட்டிவ் நம்பர் இருந்தா முதல் சுவிட்ச் அதை உரித்துவிடும், அடுத்த சுவிட்ச் உள்ளே இருக்கும் நம்பரைப் பார்த்து அங்கே அனுப்பிடும். பதில் திரும்பி வராது, ஆனாலும் உள்ளே போயிடுச்சே! அவன் உட்கார்ந்திருக்கும் வி-லேனே நேட்டிவாகவும் இருந்தால்தான் இது பலிக்கும். அதனால் 99 மாதிரி எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத ஒரு நம்பரை இரண்டு பக்கமும் நேட்டிவாக வைப்பது நல்லது. நிறைய சுவிட்சுகள் கம்பெனியிலிருந்து வரும்போதே நேட்டிவ் 1 என்றுதான் இருக்கும், அதை அப்படியே விடுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து.

நம்ம சுவிட்சில் என்ன நம்பர் என்று கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சதும் திறந்து காட்டுறேன்னு சொல்லியிருக்கார். பார்க்க விரும்புறவங்க மதியம் லேப் வாசலுக்கு வாங்க.