அப்பாவோட சேத்தக்கும் 8.8 போல்ட்டும்

பெரம்பலூர் வீட்டுத் தாழ்வாரத்துல தூசி தின்னுட்டு கிடந்த அப்பாவோட 1989 மாடல் சேத்தக்கை உயிர்ப்பிக்கிற படலம் தொடருது மக்களே. இந்த வாட்டி சக்கரம்.

சேத்தக் ரிம் ஒரே துண்டு கிடையாது. ரெண்டு பாதி; டியூபை நடுவுல வெச்சு நட்டு போட்டு முடுக்கணும். (2001ல பிரிச்சு, 2002ல சேர்த்து, 2007ல மறுபடி பிரிச்சாங்களே எங்க பெரம்பலூர் - அரியலூர், அந்த மாதிரி.)

ஸ்பானரை வெச்சதுமே மெக்கானிக் அண்ணன் கத்தினார். "காத்தை இறக்கினியா தம்பி?" இல்லை. அப்படியே கழட்டியிருந்தா ரெண்டு பாதியும் மூஞ்சிக்கே பறந்து வந்திருக்கும்.

பழைய நட்டு, போல்ட்டெல்லாம் ஒரே துரு. அரியலூர்ல ஒரு கடையில பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிட்டு வந்தேன். அண்ணன் கையில கூட வாங்கலை. "அழகுக்கு பெயிண்ட் அடி. இதுக்கு தலையில 8.8னு போட்டது வாங்கு."

ராத்திரி புத்தகத்தைப் புரட்டினேன். முதல் எட்டுன்னா 800 மெகாபாஸ்கல் வரை அறாது. புள்ளி எட்டுன்னா அதுல 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமா நீளாது. ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450லயே நீள ஆரம்பிச்சிடும். நட்டும் ஸ்டெயின்லெஸ்னா முடுக்கும்போதே கவ்விக்கவும் செய்யும். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவன் நான். ஹி ஹி.

மறுநாள் 8.8, புது ஸ்பிரிங் வாஷரோட. பளபளப்பு கம்மிதான். ஆனா ஞாயித்துக்கிழமை பின் சீட்ல உட்காரப் போறது அப்பா.